சொன்னனான் எண்டு நினைச்சன்

மே 6, செவ்வாய்

பாண் வாங்கப் போன நான், மீன் தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார் ஒன்றோடு வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் மீன் இல்லை. தொட்டியும் இல்லை. புறக்கோட்டையில் மலிவாகப் போட்டிருந்தான், கையில் எடுத்துப் பார்த்தேன், அதற்குப் பிறகு நடந்தது எனக்கே சரியாகத் தெரியாது.

என் மனிசி நேசம் ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மோட்டாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடையை எடுத்துக்கொண்டு தானே போய்ப் பாண் வாங்கி வந்தாள். சாப்பிட்டு முடிந்து மகள் ரொஷேல் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சொன்னாள்: "றேணுகாட வீட்டில ஒரு அறை சும்மா கிடக்குது. அந்தோனியார் திருநாள் முடிய நானும் பிள்ளையும் தெஹிவளைக்குப் போறம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் கிட்ட."

றேணுகா அவளுடைய தங்கை. சண்டை போடுகிறாயா என்று கேட்டேன்.

"சண்டை இல்ல. களைச்சுப் போனன். இந்த வீட்டில எனக்கு ரெண்டு பிள்ளை."

சண்டை என்றால் சமாளித்திருப்பேன். பதினான்கு வருடப் பழக்கம். களைப்புக்கு என்ன செய்வது? திருநாள் ஜூன் பதின்மூன்று.

மே 10, சனி

கடைசியில் போய்விட்டேன். எனக்கு ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, என்று டொக்டர் போன மாதமே சொல்லியிருந்தார். நாற்பத்து மூன்று வயது வரை எங்கள் குடும்பத்தில் அதற்கு "றேமண்டின்ட விளையாட்டு" என்றுதான் பெயர். மருந்து எழுதித் தந்து, வெள்ளவத்தையில் எங்களைப் போன்ற பெரியவர்களுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு குழு நடக்கிறது, போங்கள் என்றார். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை என்ன வெளிநாடா? ஆனாலும் எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது.

கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு டியூட்டரியின் மேல்மாடி. நன்றாகப் பிந்திப் போனேன். மூச்சு வாங்கப் படியேறினால் மேலே குழுவை நடத்தும் ஜவாஹிறா மிஸ் மட்டும் தனியாக இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, நீங்கதான் முதலாவது."

இந்த வசனத்தை என்னிடம் இதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கொச்சிக்கடை டெரிக், கலியாண வீடுகளில் ட்ரம்பெட் வாசிப்பவர். திலக்ஷன், கம்ப்யூட்டர் வேலை செய்யும் பொடியன், இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. கண்ணாத்தாள் அம்மா, புறக்கோட்டை நகைக்கடைக் குடும்பம், அறுபது இருக்கும். வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு வருகிறாராம். இதுவரை ஒரு தலையணை உறைகூட வீட்டுக்குப் போகாததைப் பற்றி இன்னும் யாரும் விசாரிக்கவில்லையாம்.

ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம், அதற்கு அங்கால் கடல். ரயில் வந்தால் மிஸ் பாடத்தை நிறுத்திவிடுவார். எப்படியும் யாரும் கேட்கப்போவதில்லை, எல்லாரும் ரயிலைத்தான் பார்ப்போம்.

மே 14, புதன்

மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கொடுத்துவிட்டேன். வேறொன்றும் வாங்கவில்லை. (ஒரு டோர்ச் மட்டும்.)

மே 17, சனி

வீட்டில் ஆக அதிகம் சண்டை கொண்டுவருகிற சொல் எது என்று மிஸ் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. சொன்னனான்.

"சொன்னனான் எல்லே?" "எப்ப சொன்னனீங்க?" "நேற்றுச் சொன்னனான்." "கனவிலயா?" எங்கள் கலியாண வாழ்க்கையைச் சுருக்கினால் இவ்வளவுதான்.

எங்களுக்கு, சொல்ல வேண்டும் என்று நினைத்ததே சொன்ன கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும் என்றார் மிஸ். "நீங்க பொய் சொல்றல்ல. உண்மையா நம்பித்தான் சொல்றீங்க. ஆனா அங்கால இருக்கிறவங்களுக்கு அது பொய் மாதிரித்தான் கேக்கும்." டெரிக் தலையைச் சொறிந்தார். "அப்ப மூண்டு பேண்ட்காரனும் என்னைக் கலைச்சது இதுக்குத்தான்."

வீட்டுப்பாடமும் உண்டு. வீட்டில் ஒரே ஒரு இடத்தைத் தெரிந்தெடுத்து அதை மட்டும் தினம் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். நான் வீரம் பேசிக் குசினி மேசையை எடுத்தேன். திலக்ஷன் மவுஸ் வைக்கும் மட்டையை எடுத்தான். படித்த பிள்ளை.

மே 20, செவ்வாய்

நேசத்துக்கு விளக்கப் பார்த்தேன். மூளை, கவனம், மிஸ் சொன்னது எல்லாம். அவள் உடுப்பு மடித்துக்கொண்டே கேட்டாள்.

"சரி, உங்கட வருத்தத்துக்கு ஒரு பேர் கிடைச்சிட்டுது. உங்களோட இருந்து எனக்கு வந்த வருத்தத்துக்கு என்ன பேராம்?"

மிஸ் அதைச் சொல்லித்தரவில்லை. சாட்டுச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள். நான் சாட்டா சொல்றன்? எனக்கே தெரியேல்ல. மேசையைத் துடைத்துவிட்டுப் படுத்தேன்.

மே 24, சனி

ஜூன் ஏழாம் திகதி குடும்பத்தார் நாள். ஆளுக்கு ஒருவரை வீட்டிலிருந்து கூட்டிவர வேண்டும். மிஸ் அவர்களோடு பேசுவார், அவர்களும் கேட்க நினைத்ததைக் கேட்கலாம். திருநாளுக்கு முன்பு வருகிற கடைசிச் சனிக்கிழமை அது. நான் சொல்லி நேசம் நம்பப்போவதில்லை. மிஸ் சொன்னால் ஒருவேளை நம்புவாள். இன்றைக்கே சொல்ல வேண்டும்.

மே 27, செவ்வாய்

வேலையில் இன்று நான் ராசா. துறைமுகத்தில் சிக்கிக் கிடந்த கொள்கலனை மத்தியானத்துக்குள் வெளியே எடுத்துவிட்டேன். தீப்பிடித்த வேலை என்றால் என்னிடம் தாருங்கள். மெதுவான வேலை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

மே 31, சனி

வீட்டில் எல்லாரும் சொல்லிவிட்டீர்களா என்று மிஸ் கேட்டார். டெரிக் கை உயர்த்தினார். திலக்ஷன் உயர்த்தினான். நானும் உயர்த்தினேன். கண்ணாத்தாள் அம்மா மட்டும் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஜூன் 7, சனி

எங்கே தொடங்குவது?

காலையில் நேசத்திடம், "அப்ப வெளிக்கிடுவமா?" என்றேன். "எங்க?" என்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. சொல்லவே இல்லை. குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன், அவள் எப்படி மறுப்பாள், நான் எப்படிப் பதில் சொல்வேன் என்பதுவரை ஒத்திகை பார்த்தேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. இனி என்னத்தைச் சொல்ல? ஒண்டுமில்லை எண்டிட்டு இறங்கி வந்திட்டன். வெட்கமாப் போச்சு.

மாடியில் பார்த்தால் டெரிக் தனியே. மனிசியிடம் சொன்னதாகத்தான் நினைத்தாராம். திலக்ஷன் தன் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறான், அடுத்த மாதம் ஏழாம் திகதி என்று. கண்ணாத்தாள் அம்மா வழக்கம்போல் தையல் வகுப்புக்கு வந்திருந்தார். குடும்பத்தார் நாள், ஒரு குடும்பத்தாரும் இல்லை. மிஸ் வாங்கி வைத்த கட்லட் எல்லாம் மேசையில் இருந்தது. அவர் எங்களைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

அப்போது படியில் செருப்புச் சத்தம். நேசம். கையில் என் ஃபோன்.

"இதை வச்சிட்டு வந்திட்டார். இதில மெசேஜ் வந்தது, இண்டைக்கு வீட்டுக்காரர் வர வேணும் எண்டு." என்னைப் பார்க்காமல் மிஸ்ஸிடம் சொன்னாள். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. ஆனா வந்திட்டன்."

டெரிக் எழுந்து தன் கதிரையைக் கொடுத்தார். ஒரே ஒரு குடும்பத்தார் என்பதால் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதையும் கேட்கலாம் என்றார் மிஸ். நேசம் கட்லட் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் சொல்றது ஏன் இவருக்கு மனசில நிக்கிறேல்ல? பழைய மேட்ச் ஸ்கோர் எல்லாம் நிக்குது. பதினாலு வருஷமா நான் நினைச்சது என்னெண்டா, இவருக்கு நான் முக்கியமில்ல..."

ரயில் வந்தது.

என்னை நான் என்ன சொல்ல. என் மனிசி வாழ்க்கையிலேயே பெரிய விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் ரயிலைப் பார்க்கிறேன். திரும்பினால், டெரிக்கும் பார்க்கிறார், திலக்ஷனும் பார்க்கிறான், கண்ணாத்தாள் அம்மா எழும்பி நின்றே பார்க்கிறார். நேசம் வாயைத் திறந்தபடி எங்கள் நான்கு பேரின் பிடரியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அடக்கப் பார்த்து முடியாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் கேட்டுக் கனகாலம்.

கண்ணாத்தாள் அம்மா வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க சொன்னது காதுல விழுந்துச்சும்மா. உள்ள போறதுக்குள்ள வேற ஒண்ணு குறுக்க வந்துருது. மதிக்காம இல்ல. எங்க வீட்டு ஐயாவும் இதேதான் சொல்றாரு. நாப்பது வருஷமா."

"அவருக்கு நீங்க இஞ்ச வாறது தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லுங்க அம்மா. அவரும் பாவம்," என்றாள் நேசம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வந்தது, அதனால்தான்.

பஸ்ஸில் வரும்போது தெஹிவளை பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கப் பயம்.

ஜூன் 13, வெள்ளி

திருநாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் கால் வைக்க இடமில்லை. ரொஷேலைத் தோளில் தூக்க முடியாத வயதென்று எனக்கு இன்றுதான் முதுகு சொன்னது. நேசம் மெழுகுதிரி கொளுத்தி நெடுநேரம் நின்றாள். என்ன கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து குசினி மேசையைத் துடைத்தேன், அடுப்பையும் துடைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

திருநாள் முடிந்துவிட்டது. சூட்கேஸ் இன்னும் அலுமாரிக்கு மேலேதான். கழுவும் தொட்டியையும் தேய்த்தேன்.

ஜூன் 28, சனி

கண்ணாத்தாள் அம்மா இன்று ஐயாவோடு வந்தார். ஐயா கடைசி வரிசையில் இருந்து, தையல் மெஷின்கள் எங்கே என்று கேட்டார்.

ஜூலை 5, சனி

மத்தியானம் றேணுகா ஃபோன் பண்ணினாள். "அத்தான், நாளைக்கு ஒரு கட்டில் தூக்க வருவீங்களா? அறைக்குக் கம்பஸில படிக்கிற பிள்ளை ஒண்டு வருது."

"எந்த அறைக்கு?"

"அக்காவுக்கெண்டு வச்சிருந்தது. அவ அப்பவே சொல்லிட்டாவே, தான் வரேல்ல, வேற ஆளுக்குக் குடு எண்டு. உங்கட கிளாஸுக்கு வந்தாவாமே, அண்டைக்கு."

அன்றைக்கே. நான் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அலுமாரியின் மேல் பார்த்துப் பார்த்து எழும்பியிருக்கிறேன். குசினியில் தேய்க்காத இடம் இல்லை. டைல்ஸ் இடுக்கில் பழைய பல்துலக்கியை விட்டுக்கூடத் தேய்த்தேன்.

நேசம் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் மேசையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா இதெல்லாம் துடைச்சிருப்பீங்களா?"

துடைத்திருக்கமாட்டேன். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீதி வெங்காயத்தை உரித்தேன்.