சாக்பீஸ் குறி

2ஆம் தேதி, செவ்வாய் இரவு

அன்புள்ள அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. தெரிந்தால் அப்பாவின் வேலை போய்விடும். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன், கையெழுத்தைக் கிண்டல் செய்யாதே.

டிப்போவில் எல்லா பஸ்ஸுக்கும் புது பிரேக் மாட்ட அரசு பணம் ஒதுக்கியதாம். மாதக் கடைசிக்குள் செலவு காட்டாவிட்டால் திரும்பிப் போய்விடுமாம். சாமான் இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் மாட்டியாயிற்று என்று மெக்கானிக்குகளிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அப்பாவும் போட்டிருக்கிறார். அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "ஷெட்டுல நிறுத்தி வச்ச வண்டியெல்லாம் ரோட்டுக்குப் போகுது. பேப்பர்ல புது பிரேக் இருக்கே, எதைச் சொல்லி நிறுத்துறது?"

உன் ஊரிலிருந்து மலைப்பாதையில் வரும் பஸ்ஸும் அதில் ஒன்று. டிரைவர்களாவது பார்த்து ஓட்டட்டும் என்று, மோசமான வண்டிகளில் ஏறும் படிக்குக் கீழே அப்பா சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு வைக்கிறார். குறி இருந்தால் ஏறாதே.

உன் தங்கை

8ஆம் தேதி, திங்கள்

என் பயந்தாங்கொள்ளிக்கு,

கிழித்துவிட்டேன், போதுமா? ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்து வரும்போது பஸ் நிலையத்தில் குனிந்து பார்த்தேன். "என்ன சிஸ்டர், கம்மல் விழுந்துடுச்சா?" என்றார் கண்டக்டர். குறியும் இல்லை, கிறியும் இல்லை. சரிசெய்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை அதில்தான் வருகிறேன். இரவு ஒன்பது மணிக்கு வீட்டில் இருப்பேன். அப்பா, அம்மாவிடம் மூச்சு விடாதே, திடீரென்று வந்து நிற்கவேண்டும். தாமதமானால் அழாதே. அரசு பஸ் நேரத்துக்கு வந்தால்தான் பயப்படவேண்டும்.

அக்கா

12ஆம் தேதி, வெள்ளி இரவு

அன்புள்ள அக்கா,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நீ வந்ததும் கையில் தருவேன்.

எட்டு மணிக்குச் சாப்பிடும்போதுதான் அப்பா சொன்னார். மேனேஜர் குறிகளைப் பார்த்துவிட்டாராம். "புது பிரேக் போட்ட வண்டிக்கு எதுக்குய்யா குறி?" என்று, ஈரத்துணியைக் கொடுத்து அப்பாவையே துடைக்க வைத்தாராம். போன வாரமே எல்லாம் துடைத்தாயிற்று.

"அக்கா அதுலதான்ப்பா வர்றா" என்றேன்.

அப்பா சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தார். கை கழுவாமலே செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இன்னும் வரவில்லை. இப்போது மணி பத்தே முக்கால்.

குறி இருந்தால் ஏறாதே என்றுதானே எழுதினேன். இல்லாவிட்டாலும் ஏறாதே என்று எழுதாமல் போனேனே.

அரசு பஸ் தாமதமாகத்தான் வரும். நீதான் சொன்னாய்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். நீயாக இருந்தால் தட்டும்போதே "ஏய் தூங்குமூஞ்சி" என்று கத்துவாய். வெளியே யாரும் பேசவில்லை. அம்மா எழுந்து போகிறாள். அக்கா, அம்மா கதவைத்