முன்னால் போன தடம்

நண்பரே, நீர் குடியேறிய நாட்டின் பனிச்சரிவு அறிக்கை இன்று மாலையும் என் கைத்தொலைபேசிக்கு வந்தது. வரைபடத்தின் தெற்குப் பாதி செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது. ஐந்து நிலைகளில் மூன்றாவது. காட்டெல்லைக்கு மேலே, வடக்கும் கிழக்கும் நோக்கிய செங்குத்தான சாய்வுகளில், காற்று கொண்டுவந்து அடுக்கிய புதுப்பனி பழைய பனியோடு இன்னும் ஒட்டவில்லை என்றும், ஒரு தனி மனிதரின் பாரமே அதைக் கழற்றிவிடப் போதும் என்றும் எழுதியிருந்தது. ஊர்காவற்றுறையில், கடல்மட்டத்திலிருந்து அதிகம் எழும்பாத நிலத்தில் இருந்துகொண்டு நான் அதை வாசித்தேன். அந்த அறிக்கைச் செயலியை என் தொலைபேசியில் பொருத்தித் தந்தவர் நீர். நீர் இறந்து இரண்டு குளிர்காலங்கள் கடந்த பின்னும் அதை நீக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வாரமும் இதே நிறம்தான். அப்போது உம் மகள் மலைக்குப் புறப்பட ஆயத்தமாக இருந்தாள். உம் மனைவி என்னை அழைத்தார்.

“அண்ணை, இவள் சனிக்கிழமை மலைக்குப் போறாளாம். தகப்பன் போன அதே மலைக்கு. சொல்லிச் சொல்லி நான் களைச்சுப் போனன். நீங்கள் வேண்டாமெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.”

“நான் சொன்னால் கேட்பாளோ தங்கச்சி?”

“அவருக்கு உங்களைத் தவிர ஆரிட்டையும் பயமில்லை. இவளும் அப்பிடித்தான்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். “யோசிக்க என்ன கிடக்கு அண்ணை, இதென்ன வழக்கே?” என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினார்.

அவருக்கு நான் உடனே பதில் சொல்லாததற்குக் காரணம் நீர்தான். நீர் கடைசியாக ஊருக்கு வந்திருந்த சோளகக் காற்று வீசும் காலத்தில், குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவு வள்ளத்துக்காகக் காத்திருந்தோம். கடல் எழும்பி நின்றது. வள்ளம் புறப்படுமா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தேநீர்க்கடையில் பிளேன்ரீயை வைத்துக்கொண்டு, முந்திய குளிர்காலத்து அறிக்கைகளை நீர் எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினீர். இடம்பெயர்ந்து போய், ஒரு மலை விடுதியின் குசினியில் சமையல் வேலைக்குச் சேர்ந்து, கூட வேலை செய்தவர்களோடு சறுக்குப் பலகை கட்டப் பழகியவர் நீர். ஆட்களை மேலே ஏற்றும் இழுவைக் கம்பியும் காவலர்களும் உள்ள பாதைகள் உமக்குப் போதவில்லை. பலகையின் அடியில் வழுக்காத தோல்பட்டை ஒட்டிக்கொண்டு, எவரும் செப்பனிடாத மலையில் நடந்து ஏறி, மறுபக்கம் சறுக்கி இறங்குவதே உமது விருப்பம்.

“மூண்டு எண்டால் என்ன? நீர் சொல்லும் பாப்பம், அப்புக்காத்தர்,” என்றீர். வழக்கறிஞன் என்பதால் என்னை அப்படித்தான் அழைப்பீர்.

ஐந்தில் மூன்று நடு என்றேன்.

“அதுதான் எல்லாரும் விடுற பிழை. நாலு, அஞ்சு எண்டால் விசரனும் வெளிக்கிடான். மூண்டிலதான் கனபேர் சாகினம். நடுவெண்டு நினைச்சுச் சாகினம்.”

நான் விடாமல் கேட்டேன். அறிக்கை போகலாம் என்கிறதா, போகக்கூடாது என்கிறதா? இரண்டும் இல்லை என்றீர். எந்த உயரத்துக்கு மேலே ஆபத்து, எத்திசை நோக்கிய சாய்வில் ஆபத்து, ஆபத்தின் தன்மை என்ன, அது காற்று சேர்த்த பனியா, அடியில் கிடக்கும் நலிந்த பனிப் படலமா என்பதை மாத்திரம் அது சொல்லும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்க்கவேண்டும். சொன்ன திசையையும் சொன்ன உயரத்தையும் விலக்கி, சாய்வு குறைந்த வழியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அப்படி ஒரு வழி இல்லையென்றால் அன்று விடுதியில் இருந்து சூப் குடிக்கவேண்டும்.

“அது முழுப் பிரதேசத்துக்கும் எழுதினது. நான் நிக்கிற சாய்வைப் பாத்து எழுதினதில்லை. அறிக்கை ஒரு சாட்சி. தீர்ப்பை நாங்கள்தான் எழுதவேணும். அதுவும் சப்பாத்துப் போட முதல், மேசையில இருந்து எழுதவேணும். மலைக்கு மேல போய் நிண்டால் மூளை வேலை செய்யாது, ஆசைதான் வேலை செய்யும்.”

மார்பில் கட்டும் சமிக்ஞைக் கருவியைப் பற்றியும் கேட்டேன். புதைந்தவரைத் தேடிப் பிடிக்க உதவும் கருவி அது. “அது பிழைவிட்ட பிறகு தேவைப்படுறது. பிழைவிடாமல் இருக்கத்தான் இந்த அறிக்கை,” என்றீர்.

அப்போதுதான் துறையில் இருந்து வள்ளக்காரர் கத்தினார். “ஐயாமாரே, முன்வள்ளம் துறைவாயைத் தாண்டிட்டுது! இனியென்ன பயம்? ஏறுங்கோ!”

கோப்பையை வைத்துவிட்டு எழுந்தீர். இவ்வளவு நேரம் எனக்கு வகுப்பெடுத்தவர் இப்போது எதை நம்பி ஏறுகிறீர் என்று கேட்டேன்.

“கடல் ஒண்டையும் ஒளிக்காது, பாரும். முன்வள்ளம் எழும்பி விழுறதைக் கண்ணால பாக்கிறம். அது தாண்டினால் நாங்களும் தாண்டுவம். எங்கட ஊரே அப்பிடித்தானே தொழிலுக்குப் போறது. என்ன, அப்புக்காத்தர் ஏறேல்லையோ?”

ஏறினோம். முழுக்க நனைந்தோம். ஆனால் நீர் சொன்னது சரியாகவே இருந்தது. தீவுக்காரர் எல்லோருக்கும் தெரிந்த முறை அது. முதல் வள்ளம் பரீட்சை எழுதும். மற்றவை அதன் பெறுபேற்றைப் பார்த்துப் புறப்படும்.

உமது கடைசி நாளைப் பற்றி நான் அறிந்தது யாவும் கேள்விச் சாட்சியம். உம்மோடு மலைக்கு வந்த குசினித் தோழர்களில் ஒருவர் உம் மனைவியிடம் சொன்னார். அவர் என்னிடம் சொன்னார். ஆகவே இதில் பிழை இருக்கலாம். அன்று காலை அறிக்கையை மேசையில் வைத்து நீரே உரத்து வாசித்தீர். மூன்றாம் நிலை; வடக்கும் கிழக்கும். ஏறுவதற்கு முகட்டு வழியைத் தேர்ந்தெடுத்தீர், அது சரி. ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நடந்தீர்கள், அதுவும் சரி. இறங்கும் வழியில் வடகிழக்கு நோக்கிய ஒரு சாய்வு வந்தது. காலையில் அதை விலக்குவதாகவே பேச்சு. ஆனால் அதன்மேல் புதிதாக இரண்டு சறுக்குத் தடங்கள் கிடந்தன. உமக்கு முன் யாரோ இறங்கி, கீழே சுகமாகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தோழர் தயங்கினார். நீர் கைத்தடியால் தடங்களைக் காட்டி, எங்கள் தீவில் முன்னால் போன வள்ளம் தாண்டினால் மற்றவர்கள் புறப்படுவார்கள் என்று அவர்களின் மொழியில் சிரித்துக்கொண்டே சொன்னீராம். முதலில் இறங்கியவரும் நீர்தான். சாய்வு உமக்கு மேலே, குறுக்காக, ஒரு கோடு கிழித்தாற்போல் வெடித்துக் கழன்றது.

கருவி ஒழுங்காக வேலை செய்தது. தோழர்கள் உம்மை விரைவில் கண்டுபிடித்துத் தோண்டினார்கள். எடுத்தபோது உடலில் சூடு இருந்ததாம். மூச்சு இருக்கவில்லை.

இதை நான் பலமுறை எனக்குள் விசாரித்துவிட்டேன். நீர் அறிக்கையை அலட்சியம் செய்தவர் அல்லர். அதை வாசிக்கத் தெரியாதவரும் அல்லர். கடலில் முன்வள்ளம் தாண்டியது உண்மையான சாட்சியம். இரு வள்ளங்களும் ஒரே அலையைச் சந்திக்கின்றன, அந்த அலை கண்ணுக்கும் தெரிகிறது. பனியில் நலிந்த படலம் அடியில் ஒளிந்திருக்கிறது. முன்னால் போனவர் அதன் மெலிந்த இடத்தை மிதிக்காமல் போயிருக்கலாம். அடுத்தவர் ஒரு முழம் தள்ளி மிதிக்கலாம். தடம் என்ன சொல்கிறது? அவர்கள் தப்பினார்கள் என்று சொல்கிறது. அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. இதுவும் உமக்குத் தெரிந்திருந்ததே. தெரிந்திருந்தும், அந்தக் கணத்தில் உம்மை நெடுந்தீவுக் கடல் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றுதான் நான் கருதுகிறேன்.

உம் மனைவி என்னிடம் அழுத அன்று, இரவு உணவுக்கு முன் உம் மகளை அழைத்தேன்.

“அம்மா உங்களைப் பிடிச்சிட்டாவே, மாமா? போகாதை எண்டு சொல்லப்போறீங்களோ?”

“இல்லை. சில கேள்வி கேக்கப்போறன்.”

“அப்பா சொல்லுறவர், நீங்கள் குறுக்கு விசாரணை துவங்கினால் எதிராளி செய்யாத களவையும் ஒத்துக்கொள்ளுவானெண்டு.”

ஏன் போகிறாய் என்று கேட்டேன். சிரிப்பை விட்டாள். “அப்பா நிண்ட இடத்தில நிக்கோணும். ரெண்டு வருசமாப் படத்திலதான் பாக்கிறன்.” அறிக்கை என்ன சொல்கிறது என்று கேட்டேன். பிசகாமல் சொன்னாள். நீங்கள் போகும் சாய்வு எத்திசை நோக்கியது என்று கேட்டேன். “வடகிழக்கு,” என்றாள், குரல் தாழ்ந்து.

“என்னத்தைக் கண்டால் திரும்புவாய்? இப்பவே சொல்லு.”

“கிட்டடியில எங்கையாவது புதுசாப் பனி கழண்டு கிடந்தால். பனியில வெடிப்பு ஓடினால். காலுக்குக் கீழ ‘தொம்’ எண்டு சத்தம் கேட்டால்.”

“வேறை ஆக்கள் இறங்கின தடம் கிடந்தால்?”

“கிடக்கட்டும், மாமா. அது எங்களுக்கில்லை,” என்றாள்.

கூட வருகிறவர்களிடமும் இதைப் புறப்படும் முன்னரே சொல்லச் சொன்னேன். யாராவது ஒருவர் வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்பவேண்டும். ஒப்புக்கொண்டாள்.

உம் மனைவிக்கு என்மேல் கோபம். “அப்ப போகச் சொல்லிப் போட்டியள்.”

“போகச் சொல்லேல்லைத் தங்கச்சி. போகாதையெண்டும் சொல்லேல்லை.”

“உதுதான் அப்புக்காத்துக் கதை,” என்று தொடர்பைத் துண்டித்தார்.

சனிக்கிழமை ஒரு காணி உறுதிப் பத்திரத்தை முடிக்கவேண்டி இருந்தது. வடக்கு எல்லையை விவரிக்கும் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். நான் தடுத்திருந்தால், என்னிடம் சொல்லாமலே போயிருப்பாள் என்பது என் கணிப்பு. கணிப்பு பிழைத்திருந்தால், உம் மனைவியின் முகத்தை நான் இனி எப்படிப் பார்ப்பது?

பின்னேரம் அழைத்தாள். குரலில் எரிச்சல் இருந்தது.

“திரும்பிட்டம் மாமா. அப்பாவின்ர சாய்வுக்குக் கிட்டவே போகேல்லை. முகட்டில ஏறேக்கையே ‘தொம்’ எண்டு சத்தம். எதிர்ப்பக்கம் இருந்து பாத்திட்டு வந்தம். நாங்கள் பாத்துக்கொண்டிருக்க வேறை நாலுபேர் வந்து, அதே சாய்வில இறங்கி, கையும் காட்டிப் போட்டுப் போகினம். ஒண்டும் நடக்கேல்லை. நாங்கள் மடையர் மாதிரி நிண்டம்.”

“ஒண்டும் நடக்கேல்லை எண்டதை முதல்ல அம்மாட்டைச் சொல்லு,” என்றேன்.

என் தொழிலில் சரியான முடிவுக்கு ஆவணம் இருக்கும், தீர்ப்பு இருக்கும், சில வேளை மேன்முறையீடும் இருக்கும். மலையிலோ, திரும்பி வந்தவருக்கு எதுவும் இல்லை. அந்தச் சாய்வு அவள் காலடியில் கழன்றிருக்குமா, இராதா என்பதை இனி எவராலும் நிறுவ முடியாது. பிழையான முடிவு மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்கிறது. அதுவும் எப்போதும் அல்ல. கை காட்டிப் போன அந்த நால்வரும் அன்றிரவு தங்களைக் கெட்டிக்காரர் என்றே நினைத்திருப்பார்கள். நீரும் எத்தனையோ மாலைகளில் அப்படி நினைத்திருக்கக்கூடும்.

மறுநாள் உம் மனைவி அழைத்தார். கோபம் ஆறியிருந்தது.

“அண்ணை, இவள் வீட்டுக் கதவுத் திறப்பை மறந்து வச்சிட்டுப் போயிட்டாள். வந்து கதவைத் தட்டினவள். அவர் போன அண்டைக்கும் உப்பிடித்தான் பின்னேரம் தட்டிக் கேட்டுது. போய்த் திறந்தால் ரெண்டு பொலிஸ்காரர் தொப்பியைக் கையில பிடிச்சுக்கொண்டு நிக்கினம். நேத்து நான் எழும்பாமல், இருந்த கதிரையிலேயே இருந்திட்டன். பிறகு, ‘அம்மா, நான்தான், குளிருது, திறவுங்கோ’ எண்டாள்.”

எதையும் நிறுவ முடியாவிட்டால் அதை ஒதுக்கிவிடப் பழகியவன் நான். இதை ஒதுக்க முடியவில்லை. ஒரே கதவு, இரண்டு தட்டல்கள். ஒன்றுக்குப் பின்னால் நீர் இல்லை. மற்றதற்குப் பின்னால் உம் மகள் குளிரில் நின்று, பொறுமை இழந்து, தாயைக் கூப்பிட்டாள்.