செடிக்குக் குளிருமாம்

கொட்டகலை,
ஞாயிறு.

அன்பு மகள் யூஜினாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், நீயும் டோஹாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூச்சு என்று சும்மா எழுதவில்லை, இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போன் எப்போதும் அப்பா கையில், அவரைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே எப்படிச் சொல்வது? அதனால்தான் லீவு முடிந்து டோஹாவுக்கே திரும்புகிற அனுஷ்காவிடம் கொடுத்து விடுகிறேன்.

வீட்டுக்குள்ளே செடி வைத்தால் காற்றுச் சுத்தமாகும், அப்பாவின் இழுப்புக் குறையும் என்று நீ ஒரு வீடியோ அனுப்பினாலும் அனுப்பினாய், அன்றையிலிருந்து எனக்கு ஒரே ரோதனை. வாசலைத் தாண்டினால் மலை முழுக்கத் தேயிலைச் செடிதான், அத்தனை பச்சையும் போதாதென்று உன் அப்பா கடைக்குப் போய் மணி பிளான்ட், கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கிற ஒன்று, இன்னும் பெயர் வாயில் நுழையாத எதையெல்லாமோ வாங்கி வந்து, ஜாம் போத்தலிலும் மாஜரின் டின்னிலும் வைத்து, நம் லயத்துக் காம்பரா வீட்டில் இருக்கிற ஒரே ஜன்னலில் அடுக்கிவிட்டார். நீயாவது அதோடு விட்டாயா? குளிர் காற்றுப் பட்டால் இலை கருகிவிடும், பத்திரம் என்று வேறு சொல்லி வைத்தாய். அவ்வளவுதான், அன்று சாத்திய ஜன்னல், இடுக்கில் சாக்கு வேறு அடைத்திருக்கிறார். கேஸ் அடுப்பு தேத்தண்ணிக்கு மட்டும், சோறும் சுடுதண்ணியும் விறகில்தான் என்பது உனக்குத் தெரியும். இந்த மழையில் ஈர விறகு விடுகிற புகை இனி எங்கே போகும்? எங்கள் நெஞ்சுக்குள்தான். இலையில் கரி படிந்தால் ஈரத்துணியால் துடைக்கிறார், தன் நெஞ்சை எதை வைத்துத் துடைப்பார்? ஏங்க, வீடு நமக்கா செடிக்கா என்று கேட்டால், “புள்ள அவ்வளவு தூரத்துல இருந்து சொல்லியிருக்கா, ஒனக்கு என்னா தெரியும்” என்று பாய்கிறார்.

போன வாரம் இழுப்புக் கூடி டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னலைத் திறந்து புகையை வெளியே விடாவிட்டால் எந்த மருந்தும் கேட்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தவர், நான் ஜன்னலில் கை வைத்ததும் “விடு விடு, செடிக்குக் குளிரும்” என்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அவர் கோயிலுக்குப் போன நேரம் ஒரு தடவை நானே திறந்தும் பார்த்தேன், அன்றைக்கென்று ஒரு செடி வாடித் தொலைந்தது. புள்ள கேட்டால் என்ன சொல்வேன் என்று அந்த மனிதர் அன்று சோற்றைத் தொடவில்லை.

நீ வீடியோவில் வரும்போதெல்லாம் போனைச் செடிப்பக்கம் பிடிக்கிறாரே, நீயும் ஐயோ அழகு என்று சிரிக்கிறாயே, அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனையும். இருமல் வந்தால் உனக்குக் கேட்காமல் போனைப் பொத்திக்கொள்கிறார். அதனால் நான் சொல்கிறபடி செய் மகள். உங்க நெஞ்சுக்காக ஜன்னலைத் திறங்கப்பா என்று சொல்லாதே, காதில் ஏறாது. காற்று இல்லாவிட்டால் செடி செத்துப்போகும், அடுப்பு எரிகிற நேரமெல்லாம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்று சொல். தனக்காகத் திறக்காதவர் உன் செடிக்காகத் திறப்பார். பொய் சொல்லச் சொல்கிறேனே என்று யோசிக்காதே, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது அதை என் கணக்கில் சொல்லிக்கொள்கிறேன்.

ஏசி அறையில் தலைக்குத் துணி கட்டாமல் படுக்காதே. பூசையை விடாதே. மாதா உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும். அடுத்த தடவை கூப்பிடும்போது சாப்பிட்டீர்களா என்று தொடங்காதே, முதல் பேச்சே ஜன்னலாக இருக்கட்டும். இதை எழுதும்போதும் உள்ளே இருமுகிறார்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா சுகிர்தம்