அம்மாவின் கூடையில் ஊரார் கொழுந்து

வெள்ளைக்கல் தோட்டம், கீழ்க்கணக்கு,
நோட்டன் பிரிட்ஜ்.
12-7-59

அன்பு மகன் கணேசமூர்த்திக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம் என்றுதான் முதல் வரி இருக்க வேண்டும், அதை எழுதிவிட்டதாகவே வைத்துக்கொள். கொழும்பு வெயிலில் நீ உடம்பைக் கவனித்துக்கொண்டு நன்றாயிருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே மழை, ஆனி பிறந்ததிலிருந்து சூரியனைக் காணோம். அம்மா மறுபடி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறாளாமே, அவ்வளவு குணமாகிவிட்டதா, கடையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன் என்று எழுதியிருந்தாய். கொடுத்த மிட்டாயைத் திரும்ப வாங்க முடியாது. நடந்ததை எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீ பார்த்தபடியேதான் அம்மா இருக்கிறாள். வாதம் அடித்த வலது கை மடியில்தான் கிடக்கிறது, விரல்கள் உள்ளே மடங்கிவிட்டன, நகம் வெட்ட ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. சுவரைப் பிடித்துக் காலை இழுத்து இழுத்து வாசல் வரைக்கும் வருவாள். கையைத் தினமும் நீட்டி மடக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், செய்கிறேன். புறா இரத்தம் தடவினால் கை வரும் என்று லயத்தில் குடியிருப்பவர்கள் சொன்னார்கள், அதையும் செய்தோம், புறா செத்தது. பேச்சில் மிஞ்சியது ஒரே வார்த்தை. கல்யாணமான நாள் முதல் அவள் யாரையும் வைது நான் கேட்டதில்லை, அவளுக்குப் போய்ச் 'சனியனே' என்ற சொல்லை மட்டும் கடவுள் விட்டுவைத்திருக்கிறார். தண்ணீர் கேட்பதும் அதுதான், விளக்கேற்றச் சொல்வதும் அதுதான். சொல்லிவிட்டு அவளே அழுவாள்.

வயசாகிவிட்டதென்று தோட்டம் என்னை நிறுத்திய பிறகு நாம் குடியிருக்கும் காம்பரா அம்மா பேரில்தான் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். வேலைக்கு வராதவர்களின் பேரை வெட்டுவார்கள், பேர் போனால் காம்பரா போகும். வைகாசியில் சோலைமலைக் கங்காணி வந்து தலையைச் சொறிந்தார். "தொரை கேட்டுக்கிட்டே இருக்காரு அண்ணே, நான் எத்தன நாளைக்கித்தான் மழுப்புறது" என்றார். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அவளை ஒரு மூலையில் உட்காரவைக்கலாமே என்று கேட்டேன். அதற்கு மருந்துக்காரர் விசாரித்து எழுத வேண்டும், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அதைப் படிக்க வேண்டும், துரை யோசிக்க வேண்டும். மூவரும் கடமையில் கண்ணாயிருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, இது உழைக்கும் வர்க்கத்தின் கை என்று வாசலில் நின்று முழங்கினார். அந்தக் கையில் அப்போது ஈ உட்கார்ந்திருந்தது. அதை ஓட்டாமலே போய்விட்டார்.

வழி கண்டுபிடித்தவள் பக்கத்துக் காம்பரா ராக்காயி. காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவளுக்கு, கூடவே பறிக்கிறவர்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்து போட்டு எடையை நிரப்பிக் கொடுப்பது நம் பெண்களின் பழைய வழக்கம். "அக்காவ மலைக்கி மட்டும் கொண்டாந்து ஒக்கார வையிங்கண்ணே, கூடைய நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். நான் சரி என்றேன், சோலைமலை சரி என்றார், அம்மாவை யாரும் கேட்கவில்லை. காலையில் அவளைக் கைத்தாங்கலாகப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குக் கொண்டுபோவோம். பனிமூட்டத்தில் யார் யாரைத் தாங்கி நிற்கிறார்கள் என்று தெரியாது. முதல் நாள் கண்டாக்கையா பேர் கூப்பிட்டபோது அம்மா "சனியனே" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். "வாய் நல்லாத்தான் வேல செய்யிது" என்று அவரும் சிரித்துக்கொண்டே பேரைப் பதிந்தார். பிறகு மலையோரம் ஒரு கல்லில் சாக்கைப் போட்டு அவளை உட்காரவைத்துக் கம்பளியைப் போர்த்திவிட்டு வருவேன்.

ராக்காயிக்குத் தாராளமான கை, மற்றவர்களும் அவளுக்குச் சளைக்கவில்லை. ஆகவே வாதம் வந்த அம்மா வாதம் வராத பலரைவிட அதிகம் பறித்தாள். மருந்துக்காரர் கடைசியில் விசாரிக்க வந்து, அம்மாவைப் பார்க்காமல் அவள் எடையைப் பார்த்தார். "இவ்வளவு எடுக்குற பொம்பளைக்கி லேசு வேல எதுக்கு?" என்று கேட்டுப் பூரண குணம் என்று எழுதிவிட்டார். மற்றவர்களுக்கு இவள் நல்ல உதாரணம் என்று துரையும் சொன்னாராம். அம்மா குணமானது இப்படித்தான். உனக்கு வந்ததும் இந்தச் செய்திதான்.

உண்மையைச் சொன்னால் கொழுந்து கொடுத்த பெண்களுக்கு வேலை போகும், நமக்குக் காம்பரா போகும். சொல்லாவிட்டால் அவள் தினமும் மழையில் மலையேற வேண்டும். ஒரு நாள் வழுக்கி, மழைத்தண்ணீர் ஓடும் கானில் விழுந்தாள். இன்னொரு நாள் அட்டை கடித்து வலது காலில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது, அந்தக் காலில் உணர்ச்சி இல்லாததால் அவளுக்குத் தெரியவில்லை. நானும் சோலைமலையும் என்ன செய்யலாம் என்று பேசினோம், மறுநாளும் பேசினோம். பேசியதில் எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

போன வியாழக்கிழமை கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் துரை வந்திருந்தார். அம்மாவை வீட்டுக்கு அழைத்துப்போக நானும் போய் வரிசையில் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கூடையைத் தராசில் மாட்டப் போனார்கள். அம்மா இடது கையால் அதை எட்டிப் பிடித்து இழுத்துக் கவிழ்த்துவிட்டாள். கொழுந்தெல்லாம் சேற்றில். "ஏய் கெழவி, பைத்தியமா ஒனக்கு?" என்று கண்டாக்கையா கத்தினார். அவள் என் கையை உதறித் தரையில் உட்கார்ந்து, இடது கையால் ஒரு கொழுந்தை எடுத்துக் கூடையில் போட்டாள். அது வெளியே விழுந்தது. மறுபடி எடுத்தாள். உதவிக்குக் குனிந்த ராக்காயியின் கையைத் தட்டிவிட்டாள். ஒரு பிடி சேரும்வரை எடுத்தாள். பிறகு கூடையைத் துரையின் சப்பாத்துப் பக்கம் தள்ளினாள். நிறுக்கச் சொல்கிறாள் என்று அவருக்கும் புரிந்தது. நிறுத்தார்கள். முள் அசையவில்லை.

மறுநாள் பேரை வெட்டிவிட்டார்கள். ஆடிக் கடைசிக்குள் காம்பராவை விட வேண்டும். பெண்களை ஒன்றும் செய்யவில்லை. செய்தால் தினமும் எடை எழுதியவரும் குணம் என்று எழுதியவரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிவரும், ஆகவே கிழவிக்குப் புத்தி பிசகு என்று முடித்துக்கொண்டார்கள். ராக்காயி வந்து, "எங்க கைய இப்பிடித் தட்டிவிட்டுட்டியேக்கா" என்று அழுதாள். அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டேயிருந்தாள்.

ஆகவே அங்கே எங்களுக்கு ஓர் இடம் பார். சிறியதானாலும் பரவாயில்லை, படி இருக்கக் கூடாது, பிடித்து நடக்கச் சுவர் வேண்டும், கக்கூஸ் பக்கத்தில் இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மறைக்காமல் எழுது, கினிகத்தேனையில் ஒரு கடையின் பின்கட்டு காலியாயிருக்கிறதாம், போய்க் கேட்கிறேன். முருகன் துணையிருப்பார், தீர்க்காயுசாய் இரு. அம்மாவின் ஆசியையும் சேர்த்து நானே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அழைத்துப்போக வரும்போது செவிட்டுக்காரியிடம் பேசுவதுபோல் அவளிடம் கத்தாதே, காது நன்றாகக் கேட்கிறது. இப்போது தானேதான் சாப்பிடுகிறாள், இடது கையால். பார்த்து முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். பாதி சேலையில் சிந்தும், நேரமும் ஆகும். ஊட்டப் போகாதே. தட்டை அவளுக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு நீயும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஆண்டியப்பன்