கோழிக்குள் போன இரண்டாம் தாள்

அன்பு மகளுக்கு உன் அப்பா எழுதுவது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரிகள் ஏறியும் இறங்கியும் போகின்றன, ஒரு எழுத்து பூசணி, அடுத்த எழுத்து கடுகு, பேனாவை அழுத்திப் பிடித்ததில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்தும்விட்டது. இது தபால்காரர் எழுதியதல்ல, உன் தம்பி எழுதியதும் அல்ல. நான்தான். உனக்குச் சொல்லாமல் ஏழு மாதமாக நூலகத்து மாடியில் நடக்கும் பெரியவர்கள் வகுப்புக்குப் போய்வருகிறேன். இந்த ஒரு கடிதத்துக்கு மூன்று நாள் பிடித்திருக்கிறது. இங்கே நாங்கள் நான்கு பேரும் நலம், விற்காமல் மிச்சமிருக்கும் ஆறு கோழிகளும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் கடைசியில் வருகிறது, அவசரப்பட்டு அங்கே தாவாதே. உன் கடிதம் போன வாரம் வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் வழக்கம்போல் படியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை மாட்டினார். இன்றைக்கு வேண்டாம், நானே படித்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். “என்ன பெரியவரே, என் பொழப்புலயே கை வைக்கிறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு தாள் இருந்தது. முதல் தாளை முடிக்க வெள்ளிக்கிழமை மதியம் ஆகிவிட்டது. உன் அம்மா பக்கத்தில் இருந்துகொண்டு அடுத்து என்ன, அடுத்து என்ன என்று நச்சரிக்க, நான் ஒரே சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். படகு கட்டும் பட்டறையில் வரைபடம் போடும் உன் வேலையை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டித் தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் நீங்கள் இந்த வயதில் தெருவில் உட்கார்ந்து பொம்மை விற்கிறீர்கள் என்று கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை, வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா, உடனே பதில் போடுங்கள் என்று எழுதியிருந்தாய். வீடு மாறிவிட்டேன், புது விலாசம் அடுத்த தாளில் என்பதோடு முதல் தாள் முடிந்தது.

பொம்மை என்று நீ எழுதியதில் உன் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். அது பொம்மை இல்லை, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கும் துணிக்கோழி. கிடங்கை மூடி எனக்கு மூட்டை தூக்கும் வேலை போன பிறகு நம் பின்கதவுக்காக அவள் ஒன்று தைத்தாள், பார்த்தவர்கள் எல்லாம் எனக்கும் ஒன்று என்றார்கள், அப்படித் தொடங்கியது. உன் தம்பி மனைவி தான் வேலை பார்க்கும் தையல் கடையிலிருந்து வெட்டுத்துணி கொண்டுவந்து உடம்பைத் தைப்பாள். உன் அம்மா தலைக்குப் பஞ்சும் வயிற்றுக்குக் கழுவிக் காயவைத்த மணலும் அடைப்பாள், நாலு கைப்பிடி, அதில் ஒன்று குறைந்தாலும் கோழி மல்லாந்துவிடும். கோழி ஆடாமல் உட்கார அதன் அடியில் பழைய காகிதத்தை எட்டாக மடித்து வைப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் உன் தம்பி கூவுவான், நானும் அம்மாவும் கூட உட்காருவோம். நான் செய்த கூத்தை இப்போது கேள். அறுபத்தெட்டு வருடமாக எனக்குக் காகிதம் என்றால் வெறும் காகிதம்தான், எழுதியதா வெற்றா என்று பார்த்ததே இல்லை. கண் படிக்கக் கற்றுக்கொண்டது, கை கற்றுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் உன் முதல் தாளை மறுபடி படித்துக்கொண்டே, பார்க்காமல் காகிதத்தை எடுத்து எடுத்து மடித்துக் கொடுத்தேன். உன் இரண்டாம் தாளும் ஒரு கோழிக்குள் போய்விட்டது.

திங்கட்கிழமை தேடியபோதுதான் தெரிந்தது. “படிக்கத் தெரியாத காலத்துல ஒரு துண்டுச் சீட்டைத் தொலைச்சதில்ல, நாலு எழுத்து வந்ததும் பொண்ணோட விலாசத்தையே தொலைச்சுட்டீங்க” என்றாள் உன் அம்மா. தம்பி உன் பழைய விடுதிக்குப் போன் போட்டான், நீ காலி செய்துவிட்டாய், எங்கே போனாய் என்று தெரியாது என்றார்கள். பட்டறையின் பெயரும் எங்கள் யாருக்கும் தெரியவில்லை, கடித உறையிலும் நீ விலாசம் எழுதவில்லை. பதில் வராவிட்டால் நீ வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வந்து நிற்பாய், எனக்கு உன்னைத் தெரியாதா. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் தைத்தவை நான்கு கோழிகள், நான்கும் ஞாயிறன்றே விற்றுவிட்டன. வாங்கியவர்களை உன் தம்பி நினைவு வைத்திருந்தான், அவன்தான் சந்தைக்கு வருகிறவர்களின் ஏழு தலைமுறையையும் விசாரிப்பவனாயிற்றே. செவ்வாய்க்கிழமை காலையில் கத்தரி, ஊசி, நூலோடு நானும் அம்மாவும் கிளம்பினோம்.

நான் ஒன்று சொல்ல வேண்டும், விற்ற கோழி எங்கே போகிறது என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. முதல் கோழி பூட்டு ரிப்பேர்காரர் கடையில். ஊரார் கதவையெல்லாம் பூட்டிக் கொடுக்கிறவருக்குத் தன் கதவை நிறுத்த நம் கோழி வேண்டியிருக்கிறது. அடியைப் பிரித்தோம், பழைய காலண்டர். அம்மா அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். இரண்டாவதைக் காய்கறிக்காரம்மா தார்ப்பாய் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்தார். பிரிக்கலாமா என்றதும் சந்தேகம் வந்துவிட்டது. “வித்த பொருளைத் தேடிட்டு வர்றீங்களே, உள்ள தங்கமா வச்சுத் தச்சீங்க?” என்றார். உள்ளே நான் எழுதிப் பழகிய தாள்தான் இருந்தது. அதை வாங்கிப் பார்த்து, “யாரு எழுதினது, கோழியே கிண்டின மாதிரி இருக்கு” என்றார், அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூன்றாவது, மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவிடம். கதவுக்கு வைக்காமல் ஜன்னலில் தெருவைப் பார்க்க உட்கார வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். “நான்தான் தினமும் பார்த்து அலுத்துட்டேன், அதுவாவது பாக்கட்டுமே” என்றார். அதிலும் உன் தாள் இல்லை.

நான்காவது பல் டாக்டர் வீட்டு முன்னறையில். போனபோது நாற்காலியில் ஒரு பெரிய மீசைக்காரர் படுத்திருந்தார், நம் கோழி அவர் மடியில். பல் பிடுங்கும்போது பிடித்துக்கொள்ள டாக்டர் கொடுப்பாராம், நாலு கைப்பிடி மணல் நெஞ்சு படபடப்பை அடக்குகிறதாம். பல் வரும்வரை காத்திருந்தோம், கோழியின் கழுத்தை அவர் நெரித்த நெரிப்பில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பிரித்தோம். உன் தாள் இருந்தது. டாக்டர் படித்துச் சொல்லட்டுமா என்றார். வேண்டாம் ஐயா, எனக்கே வரும் என்று அங்கேயே சத்தமாகப் படித்தேன். மேலே விலாசம். அதற்குக் கீழே, தபால்காரருக்கு என்று நீ எழுதியிருந்த வரிகள். ‘அண்ணா, இதை அவர்களுக்கு வாசிக்காமல் விட்டுவிடுங்கள். எனக்கு இந்த வேலையை விட மனமில்லை, நான் வரைந்த படகு அடுத்த வருடம்தான் தண்ணீரில் இறங்கும். அவர்கள் உண்மையில் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள்.’ நான் நடுவில் நிறுத்திவிட்டேன். “ஏங்க, எழுத்து வரலையா?” என்று அம்மா கேட்டாள். வருகிறது என்று முழுவதையும் படித்தேன். அவள் கொஞ்ச நேரம் கோழியைத் தைத்துவிட்டு, “அப்போ அவ படகை நாம ரெண்டு பேரும் நிறுத்தப் பாத்தோமா?” என்றாள். மறுநாள் தபால்காரரிடம், இத்தனை வருடத்தில் இப்படி எத்தனை வரியை விழுங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் தொழில் ரகசியம் பெரியவரே” என்று சைக்கிளை மிதித்துவிட்டார்.

ஆகவே மகளே, அவரை நீ கேட்டதற்கு நானே பதில் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, மாடிப்படியில்தான். மழை ஞாயிறு என்றால் சந்தை இல்லை, அன்று முழுக்க உன் தம்பியிடம் பேச முடியாது. மூட்டை தூக்கிய தோள் இப்போது வலிப்பதில்லை. தெருவில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது உண்மை, ஆனால் சும்மா உட்காரவில்லை, இந்தக் கோழி யார் வீட்டில் எந்தக் கதவுக்குப் போகும் என்று வருகிற ஞாயிறு முதல் இரண்டு பேரும் பந்தயம் கட்டிக்கொண்டு உட்காரப் போகிறோம். ஒன்றையும் மறைக்கவில்லை. நீ கையெழுத்துப் போடு. படகு தண்ணீரில் இறங்கியதும் விடுமுறையில் வா, நம் கோழிகள் இருக்கும் இடங்களைச் சுற்றிக் காட்டுகிறேன்.

இனி கடிதம் அனுப்பும்போது தாள்களை ஊசி நூலால் சேர்த்துத் தைத்து அனுப்பு. உன் விலாசத்தைப் பின்கதவில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன், அதை யாரும் மடிக்க முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள், நீ தொட்டதெல்லாம் நன்றாக வரட்டும், அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்தி. அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். அப்பாவுக்கு வாசிக்க வேண்டாம் என்று உனக்கு ஏதாவது எழுதத் தோன்றினால், அதை எனக்கே எழுது.

இப்படிக்கு, கைநாட்டு வைக்காமல் முதல்முறையாகக் கையெழுத்துப் போடும்
உன் அப்பா