மாதேஸ்வரி படிக்கப் போன பிறகு

12 செப்டம்பர் 2023, செவ்வாய்

காலை ஷிஃப்ட் முடிந்து ஓசூர் மத்திகிரி வீட்டுக்கு வந்தபோது மாதேஸ்வரி தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிரிக்காத கூரியர் உறை.

"நீங்க வரட்டும்னு வெச்சிருக்கேன்" என்றாள்.

பிரித்தேன். பாஸ்போர்ட்டில் ஜெர்மனி விசா. மாணவர் விசா, மெஷின் இன்ஜினியரிங் மேல்படிப்புக்கு. என் மனைவிக்கு முப்பத்திரண்டு வயது. பெண் யுவஸ்ரீ ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

ஏன் போகிறாள் என்று இன்றைக்கும் பக்கத்து வீட்டில் கேட்டார்கள். இங்கே ஒரு கம்பெனியில், அச்சும் கருவிகளும் செய்யும் டூல் ரூமில் இருக்கிறாள். ஒருமுறை என்னிடம் சொன்னதுதான் காரணம்: "டூல் ரூம்ல என்னைய எல்லாரும் கேட்டுத்தான் செய்யறாங்க. ஆனா நான் யாரைக் கேக்கறது? எனக்குத் தெரியாதது எவ்ளோ இருக்குது தெரியுமா?" தெரியாதது இருக்கிறது என்பதற்காகக் கண்டம் தாண்டுகிற ஆளை நான் வேறு பார்த்ததில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

17 செப்டம்பர் 2023, ஞாயிறு

ராயக்கோட்டைக்குப் போனோம். மாமனார் சென்னப்பன் தக்காளி மண்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை, ஆரம்பித்துவிட்டார்.

"ஓசூருல இல்லாத கம்பெனியா? கிருஷ்ணகிரில இல்லாத காலேஜா? புள்ளைய வுட்டுட்டு எங்கம்மா போவுற?"

"உங்ககிட்டயும் இவருகிட்டயும்தான்ப்பா வுட்டுட்டுப் போறேன். காட்டுலயா வுடறேன்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க என்னா சொல்றீங்க?"

"போகட்டும் மாமா" என்றேன். இதில் என் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அவள் என்னிடம் அனுமதி கேட்கவே இல்லை. 'நீங்க சமாளிச்சுக்குவீங்களா' என்றுதான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மாமியார் நாராயணம்மா தெலுங்கில் அவளிடம் ஏதோ சொன்னார். எனக்குத் தெலுங்கு அரைகுறை. மாதேஸ்வரி அழுதுவிட்டாள். பஸ்ஸில் கேட்டேன். "நான் ஓசூருக்கு வந்து இருக்கறேன், நீ திரும்பிப் பாக்காம போன்னாங்க" என்றாள்.

30 செப்டம்பர் 2023, சனி

பெங்களூர் ஏர்போர்ட். யுவஸ்ரீ அழவில்லை. நான்தான்.

9 அக்டோபர் 2023

கோவில்பட்டியிலிருந்து அம்மா போன். "ஏல பூபதி, பொண்டாட்டிய சீமைக்கு அனுப்பிட்டு நீ பிள்ளைக்குச் சடை பின்னுதியாக்கும்?"

ஆமாம், பின்னுகிறேன். கோணலாகத்தான் வருகிறது.

22 அக்டோபர் 2023, ஞாயிறு

இன்று நிறையப் பேசினாள். ஊர் பெயர் கெம்னிட்ஸ். விடுதியில் நான்கு பேருக்கு ஒரே சமையலறை; மற்ற மூவருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. வகுப்பில் பேராசிரியர் ஒன்று சொல்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், அவளும் சேர்ந்து சிரித்து வைக்கிறாள். பிறகு பக்கத்துப் பையனிடம் எதற்குச் சிரித்தோம் என்று கேட்டுக்கொள்கிறாளாம்.

சனி ஞாயிறுகளில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை. இங்கே அவள் டூல் ரூமுக்குள் நடந்து வந்தால் பத்துப் பேர் எழுந்து வருவார்கள்.

"கஷ்டமா இல்லியா மாதேசு?" என்றேன்.

"முதுகு வலிக்குது. மத்தபடி இல்லிங்க. விரிப்பை மடிப்பில்லாம இழுக்கறதுக்கு ஒரு வழி இருக்குது, அத இன்னிக்குத்தான் கண்டுபுடிச்சேன்" என்றாள். குரலில் நிஜமான சந்தோஷம். இவளை எதைக்கொண்டு செய்திருக்கிறார்கள்?

19 நவம்பர் 2023

போட்டோ அனுப்பியிருக்கிறாள். சைக்கிளோடு நிற்கிறாள், முழங்காலில் பெரிய பிளாஸ்திரி. சின்ன வயதில் அவளுக்கு யாரும் சைக்கிள் விடச் சொல்லித் தரவில்லை. வியட்நாம் பெண் ஒருத்தி பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாளாம். யுவஸ்ரீ அந்தப் போட்டோவைப் பள்ளியில் எல்லோருக்கும் காட்டவேண்டும் என்று அடம் பிடித்தாள். நானும் கம்பெனி கேன்டீனில் காட்டினேன். சூப்பர்வைசர் சுரேந்தர், "என்ன பூபதி, மேடம் திரும்பி வருவாங்களா?" என்று கேட்டுச் சிரித்தான்.

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

1 மார்ச் 2024

ஒரு பாடத்தில் தவறிவிட்டாள். மெஷின் ஓடும்போது வரும் அதிர்வுகளைப் பற்றிய பாடம், முழுக்கக் கணக்கு. "படிச்சு முடிச்சுப் பத்து வருஷம் ஆச்சில்ல, கணக்கெல்லாம் துரு ஏறிக் கெடக்குது" என்றாள்.

5 செப்டம்பர் 2024

மறுபடியும் அதே பாடம். மறுபடியும் போய்விட்டது. மூன்றாவது தடவைதான் கடைசி. அதிலும் தவறினால் அந்தப் படிப்பே இல்லை, பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

நான் ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். நிறுத்தினாள். "பதினொன்னாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துலேருந்து ஆரம்பிக்கப் போறேங்க. எங்க ஓட்டை இருக்குதுன்னு தெரியணும்." தோற்றவள் பேசுகிற மாதிரியே இல்லை.

8 பிப்ரவரி 2025, சனி

யுவஸ்ரீக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். இன்று மூச்சு வாங்க ஆரம்பித்தது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வருகிறது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நிமோனியா என்றார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

செவ்வாய்க்கிழமை மாதேஸ்வரிக்கு அந்தப் பரீட்சை, மூன்றாவது தடவை.

மாமா, "சொல்லாதீங்க மாப்ள, எழுதிட்டு வரட்டும்" என்றார். அத்தை, "பெத்தவளுக்குத் தெரியாம என்னா ரகசியம்?" என்றார். நான் சொல்லிவிட்டேன்.

மறைக்கிற பழக்கம் எங்களுக்குள் இல்லை என்பதற்காகச் சொன்னேன் என்று எழுதலாம். உண்மை வேறு. என்னால் தனியாகத் தாங்க முடியவில்லை. "வந்துரு மாதேசு. போதும். வந்துரு" என்றேன்.

அவள் டாக்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். ரொம்ப நேரம் பேசினாள். பிறகு என்னிடம், "மருந்து கேக்குதுன்னு சொல்றாருங்க. நான் ஃப்ளைட் புடிச்சு வர்றதுக்குள்ள அவ எழுந்து உக்காந்துருவா. நான் வரல" என்றாள்.

வரலியா? வரல-ன்னா என்ன அர்த்தம்? புள்ளைக்கு மூக்குல குழாய் வெச்சிருக்கு, இவளுக்குப் பரீட்சை. அம்மா அன்னைக்கே சொன்னா. சுரேந்தர் சிரிச்சான். எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்கு மட்டும்தான் தெரியல. நான்தான் முட்டாள்—

போனை வைத்துவிட்டேன்.

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிடக்கட்டும். அதுவும் நான்தான்.

காலையில் அத்தையின் போனில் மாதேஸ்வரியின் வீடியோ கால் வந்தது. "இத கட் பண்ணாதீங்க. கட்டில் பக்கத்துல வெச்சிருங்க, போதும்" என்றாள். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து, யுவஸ்ரீ முகம் தெரிகிற மாதிரி வைத்தேன்.

நாள் முழுக்க அந்தப் போன் அப்படியே இருந்தது, சார்ஜர் சொருகியபடி. அந்தப் பக்கம் ஒரு மேஜை, விளக்கு, குனிந்த தலை. எழுதுகிறாள், அடிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். யுவஸ்ரீ இருமினால் நான் எழுந்திருப்பதற்குள் அவள் தலை நிமிர்கிறது. ஆவி பிடிக்கவைக்க நர்ஸ் வந்தபோது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினாள். "கண்ணு, என்னையப் பாரு. நானும் மூச்சு இழுக்கறேன், நீயும் இழு" என்று மாதேஸ்வரி சொல்ல, மருந்து தீரும்வரை இருவரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். நர்ஸ் முகமூடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

மத்தியானம் யுவஸ்ரீ கண் விழித்தாள்.

"அம்மா, நீ என்ன எழுதற?"

"மெஷினு ஓடும்போது ஏன் நடுங்குதுன்னு பாக்கறேன்."

"எனக்கும் நேத்து நடுங்குச்சு."

"உனக்குத்தான் டாக்டர் இருக்காரே. மெஷினுக்கு யாரு இருக்காங்க? அதான் நான் பாக்கறேன்."

குழாயோடு சிரித்தாள் என் பெண். இரண்டு நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

அத்தை என் காதருகே, "அவ இங்கதான் இருக்கறா மாப்ள" என்றார். வராண்டாவுக்குப் போய் நின்றேன். வந்துவிடு என்று கத்துவது எவ்வளவு சுலபம். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பேன், ஊரும் என்னை நல்ல அப்பன் என்றிருக்கும். வராமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும்!

திரும்பி வந்து போன் முன்னால் உட்கார்ந்தேன். "நேத்து பேசினதுக்கு—" என்று ஆரம்பித்தேன்.

"அப்பறம் சண்டை போடலாங்க. இந்தக் கணக்கு மட்டும் முடிச்சுக்கறேன்" என்றாள், தலை நிமிராமல்.

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். யுவஸ்ரீ இட்லி கேட்டாள். மாதேஸ்வரி பரீட்சை எழுதிவிட்டு வீடியோவில் வந்தாள். இட்லி சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அழுதாள். நன்றாகச் சத்தம் போட்டு, ரொம்ப நேரம். இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தாளோ.

14 மார்ச் 2025

பாஸ். அந்த ஊரில் மதிப்பெண் குறைந்தால்தான் உயர்வாம். நான்கு வாங்கினால் கடைசித் தேர்ச்சி. இவளுக்கு நான்கு.

"எட்டிப் புடிச்சு உள்ள ஏறிட்டேங்க" என்று குதித்தாள். மாமா மண்டியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "என் பொண்ணு நாலு வாங்கிட்டா" என்று சொன்னாராம். நான்கு என்றால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் குடித்தார்களாம்.

6 டிசம்பர் 2025, சனி

ஆய்வேடு முடித்துவிட்டாள். அங்கேயே ஒரு மெஷின் கம்பெனியில் வேலை. அதிர்வைச் சோதிக்கும் பிரிவு! அவளுக்கு இரண்டு முறை தண்ணி காட்டிய அதே பாடம். "அத மட்டும்தான் மூணு தடவை படிச்சிருக்கேன், அதனால அது நல்லாத் தெரியும்னு இன்டர்வியூல சொன்னேன்" என்றாள்.

பிறகு கேட்டாள்:

"நீங்களும் யுவாவும் இங்க வரமுடியுமா? இல்லன்னா நான் ஓசூர்லயே தேடறேன். நெசமாத்தான் கேக்கறேன். உங்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்குது."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பதினான்கு வருடமாக அந்த ஒரே கம்பெனி. எந்த பெல்ட்டில் எந்தச் சத்தம் என்று தெரியும். அங்கே போய் நான் யார்?

7 டிசம்பர் 2025

வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

18 ஜனவரி 2026, ஞாயிறு

வேலையை விடப்போவதாக வெள்ளிக்கிழமை சுரேந்தரிடம் சொன்னேன். "அங்க போய் என்ன பண்ணப் போற?" என்றான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "தெரியல சுரேந்தர். மொதல்ல பேசக் கத்துக்கணும்" என்றேன்.

இன்று பெங்களூர் மடிவாளாவில் ஜெர்மன் வகுப்பு, முதல் நாள். அத்திப்பள்ளியில் டிராஃபிக், தாமதமாகிவிட்டது. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னை வாத்தியார் என்று நினைத்து ஒரு பையன் எழுந்து நின்றான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முப்பத்தேழு வயதில் என் பெயர் இன்னது என்று ஜெர்மனில் சொல்ல நான்கு முறை முயன்றேன். டீச்சர் ஒவ்வொரு முறையும் உதட்டைக் குவித்துக் காட்டினார். காதெல்லாம் சூடு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாதேஸ்வரி கூப்பிட்டாள்.

"எப்பிடி இருந்துச்சுங்க?"

"ஒரு எழவும் புரியல."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப சரியாத்தான் ஆரம்பிச்சிருக்கீங்க" என்றாள்.