செத்த பேட்டரியும் இரட்டைக் கோரும்

செவ்வாய், இரவு

நாளை காலை வேலைக்கான இணையத் தேர்வு. கேமராவும் ஓட வேண்டும், கேள்விப் பக்கமும் திறந்திருக்க வேண்டும். பதுளைக் கடையில் பழைய மடிக்கணினிகள் இரண்டு இருந்தன. ஒற்றைக் கோர் செயலி உள்ளதில் பேட்டரி நன்றாக இருந்தது. ஆனால் கேமராவைத் திறந்ததும் கேள்விப் பக்கம் உறைந்துபோனது. இரட்டைக் கோர் இரண்டையும் தாங்கியது. அதன் பேட்டரிதான் செத்துக் கிடந்தது. அதையே எடுத்தேன்.

இனி மின்சாரம் நின்றால் தேர்வும் நின்றுவிடும். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே ஒரே மின் இணைப்பு. காலையில் எல்லோரும் தண்ணீர் கொதிக்க மின்கேத்தல் போட்டால் பாரம் தாங்காமல் டிரிப் ஆகிவிடும். பக்கத்து வீட்டு அக்காவிடம் தயங்கிச் சொன்னேன்.

"பெரிய படிப்புக்காரி, இதுக்கா மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க? நாளைக்கு எல்லாரும் விறகடுப்புல தேத்தண்ணி வச்சிக்கிறோம், போ!"

லயம் முழுக்கச் சொல்லியும் விட்டாள்.

இப்போது வெளியே காற்று எழுகிறது. மலைச்சரிவில் மின்கம்பி மேல் கிளை விழாமலிருக்க நான் யாரிடம் போய்ச் சொல்வது?